எஸ்டிமேட்டில் இல்லாத பாதை

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாதம். திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். டிரைவருக்கு மனசு இருந்தால் பஸ் நிற்கும், இல்லாவிட்டால் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போகும். அங்கே நூறு நாள் வேலையில் கண்மாய் தூர் வாரிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இப்போது யாரிடம் சொன்னாலும் பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அன்றைக்கு என்னவோ பயந்துபோய்த்தான் நின்றேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலைத் தாங்கும் காலிப்பர் கம்பியை மாட்டிக்கொண்டு சமதரையில் நன்றாகவே நடப்பேன். மேடு என்றால் மட்டும் ஆகாது. அரசாங்கம் கொடுத்த, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று இருக்கிறது. அருப்புக்கோட்டை வரைக்கும் அதில் தனியாகவே போய் வருவேன். காலில் குறைத்ததைக் கடவுள் வாயில் கூட்டிவிட்டான் என்று அம்மா சொல்வாள். அது பொய் இல்லை.

நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு அவரவர் உடம்புக்கு ஏற்ற வேலையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்தச் சட்டத்துக்கு ஒரே அர்த்தம்தான்: ஒரு குடம், ஒரு டம்ளர். வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டு, வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். குடிக்க வருகிறவர்கள் குடித்துவிட்டுச் சும்மா போக மாட்டார்கள். "பாவம் புள்ள" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் டம்ளரைக் கீழே வைப்பார்கள். வெயில் ஏற ஏறத் தாகமும் ஏறும், பாவமும் ஏறும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "இந்தா பாருங்க, பாவம்னு சொல்றவுகளுக்கு இன்னைக்குத் தண்ணி கெடையாது" என்று டம்ளரை மடியில் ஒளித்துவைத்துக்கொண்டேன். அதற்கும் "பாவம், வெயில்ல ஒரு மாதிரி ஆயிட்டா" என்றார்கள்.

இப்படி இருக்கும்போது ஒன்றிய ஆபீசிலிருந்து ஓர் அம்மா பார்வையிட வந்தார். தண்ணீர் குடித்தார். பாவம் என்று சொல்லவில்லை. "எவ்வளவு படிச்சிருக்கீங்க?" என்றார். பன்னிரண்டாவது முடித்தேன் என்றேன். "அப்புறம் எதுக்குக் குடத்துக்குக் காவல் இருக்கீங்க? பணித்தளப் பொறுப்பாளரா இருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, அங்கேயே எங்கள் ஊராட்சிச் செயலரைக் கூப்பிட்டு என்னைப் போடச் சொன்னார். செயலரை நாங்கள் கிளார்க் என்றுதான் சொல்வோம். கிளார்க் சரி சரி என்று தலையாட்டினார். ஆனால் பல்வலி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆட்டினார். பத்தாவது படித்துவிட்டு வீட்டில் இருக்கும் தன் கொழுந்தியாளுக்கு அந்த வேலையை அவர் மனசுக்குள் எழுதிவைத்திருந்தது ஊருக்கே தெரியும்.

பொறுப்பாளர் வேலை ஒன்றும் மலையைப் பிளக்கிற வேலை இல்லை. வந்தவர்கள் யார் யார் என்று போனில் இருக்கிற ஆப்பில் குறிக்க வேண்டும். எல்லோரையும் நிறுத்திக் காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். போட்டோ ஏறவில்லை என்றால் அன்றைக்கு யாருமே வேலைக்கு வரவில்லை என்று கணக்காகிவிடும். வெயிலில் வெந்தவர்கள் எல்லோருக்கும் அன்றைய கூலி போய்விடும்.

வினை எங்கே இருந்தது என்றால், கண்மாய்க்குள் டவர் கிடையாது. படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஏற்றலாம் என்று ஆபீசில் சொன்னார்கள். என் போனுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. இடம் தெரியவில்லை என்று சுற்றிக்கொண்டே இருக்கும். கரை மேல் ஏறினால் மட்டும் டவர் வரும். கரையோ ஓர் ஆள் உயரத்துக்கு மேல், சுவர் மாதிரி நிற்கிறது. மடைப் பக்கம் சுற்றிப் போனால் ஒரு தடம் உண்டு. அதைச் சீமைக்கருவேலம் மூடிப் பல வருடம் ஆகிறது. கரை இல்லாத பக்கமாகச் சுற்றி வரும் என் வண்டி கரைக்கு அடியில், கண்மாய்க்குள் வந்து நின்றுவிடும். நானும் அங்கேயே நிற்பேன்.

முதல் நாள், பெயர்களைக் குறித்துவிட்டு, கரை மேல் ஏறிப் போட்டோ மட்டும் எடுக்கும்படி என் சித்தி ஒருத்தியிடம் போனைக் கொடுத்தேன். சித்தி ஏறி நின்று, எல்லோரையும் "சிரிங்க, சிரிங்க" என்று அதட்டி, ரொம்ப நேரம் பார்த்துப் பார்த்து எடுத்தாள். ஏறிவிட்டது என்று பச்சை விளக்கும் வந்தது. இறங்கி வந்து போனைக் கொடுத்தபோது பார்க்கிறேன், போட்டோ முழுக்கச் சித்தியின் மூக்கும் மூக்குத்தியும். கேமரா அவள் பக்கம் திரும்பி இருந்திருக்கிறது. அன்றைக்குக் கண்மாயில் வேலை பார்த்தது ஒரு மூக்குதான் என்று ஆபீசுக்குப் போய்விட்டது.

சாயந்திரமே கிளார்க் வந்தார். கோபப்படவில்லை. தேன் மாதிரிப் பேசினார். "ஏத்தா, போனு இன்னொருத்தர் கைக்குத்தான் போகணும்னா, அந்த இன்னொருத்தரையே பொறுப்பா போட்டுட்டுப் போயிரலாம்ல? ஒனக்கு எதுக்கு இந்தச் செரமம்? நாளையிலருந்து நீயே ஏறி எடுக்கணும். முடியாதுன்னா சொல்லிரு, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக."

அவர் சொன்னதில் நியாயம் இருந்த மாதிரியே இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

மறுநாள் எங்கள் மதினி ஒரு யோசனை வைத்திருந்தாள். மதினி என்றால் பெரியப்பா மகனின் மனைவி. கண்மாயில் அவள் சொல்வதுதான் சட்டம். யார் வீட்டிலிருந்தோ ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என்னை உட்கார வைத்து, நாலு பேர் நாலு காலையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். கரை மேட்டில் பாதி ஏறும்போது நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் "ஆத்தாடி" என்று கத்தினேன். கீழே நின்ற ஒருத்திக்கு என்ன தோன்றியதோ, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அவ்வளவுதான், ஒருத்தி போட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கண்மாயே குலவையில் அதிர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கரையை ஒட்டின ரோட்டில் வீரசோழன் பஸ் வந்தது. எங்கள் ஊரில் நிற்காத பஸ், அன்றைக்கு நின்று பார்த்தது. ஜன்னல் ஓரம் இருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

போட்டோ ஏறிவிட்டது. ஆனால் நான் இறங்கி வந்து வண்டியில் உட்கார்ந்து அழுதேன். குடத்தடியில் உட்கார்ந்து பாவம் வாங்கினதே மேல் என்று தோன்றிவிட்டது. மதினி வந்து பார்த்தாள்.

"ஏத்தா, சாமிக்கே கண்ணுல தண்ணி வருதா?"

"சிரிக்காதீக மதினி. நாளைக்கு என்னையத் தூக்குனா கடிச்சு வச்சிருவேன். நான் கொடத்துக்கே போறேன். கிளார்க்கு கொழுந்தியா வந்து ஏறட்டும்."

மதினி சிரிப்பை நிறுத்தினாள். "அவ வந்தா எங்க பேரு ஆப்புல ஏறாது, அவ சொந்தக்காரவுக பேருதான் ஏறும். நீ எங்கயும் போகக் கூடாது" என்றாள். அப்புறம் கரையை ஒரு முறை பார்த்தாள், தன் கையிலிருந்த மண்சட்டியை ஒரு முறை பார்த்தாள். "ஏத்தா, நாம அள்ளுற மண்ணு எங்க போகுது? கரைக்குத்தான போகுது. அதைச் சரிச்சுக் கொட்டுனா என்னவாம்?"

அன்றைக்கு மதியத்திலிருந்தே மண் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்தது. அதுவரை எஞ்சினியர் படிப்பு வாசனையே அறியாத எங்கள் ஊரில் இத்தனை எஞ்சினியர்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்தி படி வைக்கலாம் என்றாள். "படியில வண்டி ஏறுமாடி, கூறு கெட்டவளே" என்று இன்னொருத்தி அடக்கினாள். வளைகுடாவில் ரோடு வேலைக்குப் போய் வந்த ஒருவர், நேராகப் போட்டால் செங்குத்தாகிவிடும், வளைத்துத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வளைத்தே போட வைத்தார். தண்ணீர் தெளித்து மிதித்தார்கள். மிதிக்கும்போது பாட்டு வேறு. நான் வண்டியில் உட்கார்ந்தபடியே "இந்தப் பக்கம் ஒசரம், அந்தப் பக்கம் பள்ளம்" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தேன். பொறுப்பாளர் இல்லையா. பாதை முடிகிற வரைக்கும் நாற்காலிதான் என்று மதினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பஸ் போன பிறகுதான் தூக்க வேண்டும், குலவை போடுகிறவளுக்கு அன்றைக்கு ஆப்சென்ட் என்று நானும் நிபந்தனை போட்டேன்.

பாதை முடிந்த அன்று காலை வண்டியை ஏற்றினேன். வளைவு வரை நன்றாகத்தான் போனது. வளைவில் பக்கச் சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிட்டது. "முறுக்குத்தா, முறுக்கு!" என்று கீழேயிருந்து கத்தினார்கள். முறுக்கினேன். வண்டி போகவில்லை, மண்தான் போனது. பின்னால் தள்ள வந்தவர்கள் தலையிலிருந்து கால் வரை செம்மண்ணாகிவிட்டார்கள். கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு திரும்பவும் தள்ளினார்கள். ஒரு குலுக்கலில் வண்டி கரை மேல் ஏறி நின்றது.

மேலே காற்று அப்படி அடித்தது. டவர் வந்தது. டவரோடு அன்றைக்குக் காலையிலிருந்து வராமல் நின்ற குட்மார்னிங் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. கீழே எல்லோரும் வரிசையாக நின்றார்கள். யார் முகமும் அடையாளம் தெரியவில்லை, எல்லாம் செம்மண் முகம். நானே எடுத்தேன், நானே ஏற்றினேன். சந்தோஷத்தில் அவசரமாக அமுக்கியதில் முதல் படம் ஆடிப்போய்விட்டது. இரண்டாவதுதான் தேறியது.

அதற்குப் பிறகு அந்தப் பாதை எனக்கு மட்டும் உரியதாக இல்லை. சட்டி சுமந்தவர்கள் கரையில் வழுக்காமல் அதிலேயே ஏறினார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் அந்த வழியாகப் பழகிவிட்டார்கள். முட்டிவலிக்காரர்கள் எல்லாம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு அதில் நடந்தார்கள். பாவம் என்கிற பேச்சே நின்றுபோயிருந்தது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை, அவ்வளவு மும்முரம்.

அப்போதுதான் ஓவர்சியர் அளவெடுக்க வந்தார். தொப்பி போட்டு, டேப்பும் பைலுமாக வருவார். யாரையும் அதட்டத் தெரியாத மனிதர். ஆனால் எஸ்டிமேட்டில் எழுதியிருப்பதுதான் அவருக்கு உலகம். குழிகளை அளந்துகொண்டே வந்தவர் பாதையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது என்னது? யார் போடச் சொன்னது?"

பின்னால் வந்த கிளார்க், "நான் அப்பயே நெனைச்சேன் சார்" என்றார்.

ஓவர்சியர் பைலைப் புரட்டினார். "மண்ணைக் கரை நெடுகப் போடணும்னுதான் இருக்கு. இப்படி ஒரு எடத்துல குவிச்சா கரையில அளவு கொறையும். அளவு கொறைஞ்சா கூலி கொறையும்மா. ஒருத்தருக்கு இல்ல, எல்லாருக்கும்."

இத்தனை பேர் வெயிலில் சுமந்த மண். என் ஒருத்தியின் வண்டி ஏறுவதற்காக அத்தனை பேர் கூலியும் வெட்டுப்படப் போகிறது. நாளைக்கு யார் முகத்தில் முழிப்பேன்? "சார், பாதையைப் பிரிச்சுக் கரையிலேயே போட்டுருவோம். நான் தண்ணிக் கொடத்துக்கே போயிர்றேன். கூலியில மட்டும் கை வைக்காதீக" என்றேன். கிளார்க் முகத்தில் பல்வலி தீர்ந்திருந்தது.

"நீ செத்த சும்மா இரு" என்று மதினி முன்னால் வந்தாள். "பிரிச்சுர்றோம் சார். ஒண்ணும் பிரச்சினை இல்ல. பிரிக்கிறதும் மண்ணு வேலைதான? அதுக்குக் கூலி போட்டுருங்க. பிரிச்சு முடிச்சதும், ஒடம்புக்கு ஏத்த வேலை குடுக்கணும்னு சட்டம் இருக்குல்ல, அந்த வேலைக்கு இவ போக வழி வேணும்ல, மறுபடியும் கட்டுவோம். அதுக்கும் கூலி போட்டுருங்க. நீங்க மறுபடி வந்து பிரிக்கச் சொல்லுங்க. எங்களுக்கு வருசம் பூரா வேலை கெடைக்கும்."

ஓவர்சியர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "சட்டம் இருக்கும்மா, நான் இல்லேங்கல. எஸ்டிமேட்டுல அதுக்கு ஒரு வரி இல்லையே" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். மறுபடியும் பைலைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. பாதையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. இதுல கால்நடை இறங்கு தளம்னு ஒண்ணு இருக்கு. ஆடு மாடு தண்ணிக்கு இறங்குறதுக்கு. எந்த எடம்னு குறிக்கல, இன்னும் போடவும் இல்ல." பாதையை விரலால் காட்டினார். "இதுல மாடு ஏறி எறங்குமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாட்டைப் பற்றிக் கேட்கும்போது மனுஷியைப் பார்த்தால் எப்படி இருக்கும்? எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அதற்குள் மதினி, "ஏறுமாவா? ஓடும் சார்!" என்றாள்.

மாடு நிற்கிற போட்டோ ஒன்று பைலுக்கு வேண்டும் என்றார். மதினியின் சொந்த மாடே கருவேல மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தது. பிடித்து வந்தார்கள். ஓவர்சியர் கரை மேல் போனும் கையுமாகத் தயாராக நின்றார். அந்த மாடு பாதைக்குப் பக்கத்தில் வந்தது, மோந்து பார்த்தது, முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது. வாலை முறுக்கினார்கள். கயிற்றை இழுத்தார்கள். மதினி அதன் காதில் கெஞ்சினாள், பிறகு வைதாள். அது அசை போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தது. "மாட்டுக்கே புடிக்கல போலயே" என்றார் கிளார்க்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் வேலைக்கும் இத்தனை பேர் கூலிக்கும் நடுவில் ஒரு மாடு படுத்திருக்கிறது. ஒருத்தி வீட்டுக்கென்று அறுத்து வைத்திருந்த புல்லுக்கட்டைத் தூக்கி என் வண்டிக்குப் பின்னால் கட்டச் சொன்னேன். மாட்டின் மூக்குக்கு முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, மெல்ல நகர்த்தினேன். யாரும் மூச்சு விடவில்லை, மாடு மிரண்டுவிடக் கூடாதே. வண்டி ஏற ஏற, மாடு எழுந்து என் பின்னால் நடந்தது. அதன் பின்னால் கன்று வந்தது. அதைப் பார்த்து எங்கிருந்தோ ரெண்டு ஆடுகளும் சேர்ந்துகொண்டன. திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு, முதுகுக்குப் பின்னால் புல்லை மெல்லும் சத்தத்தை மட்டும் கேட்டபடி ஏறினேன்.

"அம்மா, நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க, மாடு மட்டும் இருக்கணும்" என்றார் ஓவர்சியர். ஒதுங்கினேன், மாடும் ஒதுங்கியது. முன்னால் போனேன், அதுவும் முன்னால் வந்தது. புல்லு என் வண்டியில் அல்லவா இருக்கிறது. கடைசியில் அவரே அலுத்துப்போய், "சரி, மேய்க்கிறவுகன்னு எழுதிக்கிறேன்" என்று கிளிக் செய்தார். அரசாங்கப் பைலில் நான் இன்றைக்கும் மாட்டுக்கு முன்னால் முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

கூலி யாருக்கும் குறையவில்லை. பொறுப்பாளர் வேலை என்னிடமே இருந்தது. கிளார்க் அதற்கப்புறம் என்னிடம் தேனாகப் பேசுவதை நிறுத்திவிட்டுச் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். எனக்கு அது வசதியாக இருந்தது.

வேலை முடிந்து தகவல் பலகை வைத்தார்கள். கால்நடை இறங்கு தளம் என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அதைப் பார்த்த அன்று மட்டும் சிரிப்பு வரவில்லை. மாட்டுக்கு ஒரு வரி எழுதத் தெரிந்தவர்களுக்கு எனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே என்று அம்மாவிடம் கத்தித் தீர்த்தேன். வலிக்கத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த வருடம் ஊரணி வேலைக்கு எஸ்டிமேட் போட அதே ஓவர்சியர் வந்தார். நேராக என்னிடம் வந்து, பைலைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒங்க வண்டி ஏற எவ்வளவு அகலம் வேணும்மா?" என்று கேட்டார். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சொன்னேன்: "மாடும் நானும் எதிரெதிரா வந்தா, ரெண்டு பேரும் ஒதுங்கிப் போற மாதிரி போட்டுருங்க சார்." அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார், ஆனால் தோள் குலுங்கியது.

சட்டத்தில் எனக்கு என்னென்ன உண்டு என்று இப்போது தேடிப் படித்துத் தெரிந்து வைத்திருக்கிறேன், கேட்டும் வாங்குகிறேன். ஆனாலும் கரை மேல் வண்டியை ஏற்றி நிறுத்துகிற ஒவ்வொரு காலையிலும், தலையில் சுமந்த மண்ணை எனக்காகச் சரித்துக் கொட்டிய அந்தச் செம்மண் முகங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன.